வளமா? விதியா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் சில நாடுகள் முந்துவது இயற்கை வளத்தாலா, வகுத்துக்கொண்ட விதிகளாலா?" என்பது தலைப்பு. விதிகளால்தான் என்கிறது எங்கள் அணி. விதி என்றதும் தலைவிதி என்று நினைத்துவிடாதீர்கள். மின் கொள்முதல் ஒப்பந்தம், மின்கட்டமைப்போடு இணைக்கும் அனுமதி, மின்பாதைத் திட்டம் இவைதான்.

எதிரணித் தலைவர் ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றையும் நார்வேயின் அருவிகளையும் காட்டினார். சரி, வைத்துக்கொள்வோம். காங்கோ ஆற்றின் இங்கா அருவியில் சுமார் 40,000 மெகாவாட் எடுக்கலாம் என்கிறார்களே, அங்கே ஓடுவது என்ன? 1972-இலும் 1982-இலும் வந்த இரண்டு நிலையங்கள். இரண்டின் திறனையும் கூட்டினாலும் 1,800 மெகாவாட்டைத் தொடவில்லை.

வெயிலுக்கு வருவோம். ஒரு கிலோவாட் சோலார் தகடு ஜெர்மனியில் ஆண்டுக்குச் சுமார் 1,000 யூனிட் தரும். நல்ல பாலைவனத்தில் 1,800 தரும். நிலக்கரி வாங்கும் வேலை இல்லாததால் செலவு ஏறக்குறைய முழுவதும் முதல் நாளே, அதுவும் கடனாக விழுகிறது. அந்தக் கடன் 100 என்று வையுங்கள். 20 ஆண்டுத் தவணை. வட்டி 4 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 7.36 கட்ட வேண்டும். 12 சதவீதம் என்றால் 13.39. யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். குறைந்த வட்டி ஜெர்மனியில் 1,000 யூனிட்டுக்கு 7.36, அதிக வட்டிப் பாலைவனத்தில் 7.44! கூடுதலாகக் காய்ந்த வெயில் அத்தனையையும் வட்டி தின்றுவிட்டது, நடுவர் அவர்களே.

வட்டியைக் குறைப்பது யார்? வங்கி கேட்பது மூன்றே கேள்வி: யார் வாங்குவார், என்ன விலைக்கு, எத்தனை ஆண்டு? ஜெர்மனி 2000-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பதில் எழுதிவிட்டது: 20 ஆண்டு நிலையான விலை, மின்கட்டமைப்பில் இந்த மின்சாரத்துக்கே முன்னுரிமை. உருகுவே ஏலம் நடத்தி, அரசு மின் நிறுவனத்தோடு 20 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. பத்தே ஆண்டில் காற்றாலை மின்சாரம் ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கானது. ஸ்பெயினோ தருவதாக வாக்குக் கொடுத்த விலையையே 2010 முதல் வெட்டத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் புதுக் காற்றாலையும் சோலாரும் கிட்டத்தட்ட நின்றுபோயின. வெயில் அதே வெயில்தான்.

"வியட்நாம் விதி போட்டுத்தானே சிக்கியது?" என்பார்கள். உண்மை. சோலார் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 9.35 அமெரிக்க சென்ட் விலை, நிலையத்தை 2019 ஜூன் 30-க்குள் முடித்தால் மட்டும் என்றார்கள். சுமார் 4,500 மெகாவாட் முண்டியடித்து வந்தது, பெரும்பகுதி வெயில் மிகுந்த நின் துவான், பின் துவான் பக்கம். கொண்டுபோக மின்பாதை போதவில்லை. உற்பத்தியைக் குறைக்கச் சொன்னார்கள். சோலார் நிலையத்தை ஓராண்டில் எழுப்பலாம், உயரழுத்தப் பாதைக்குப் பல ஆண்டு பிடிக்கும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் வரிசையை மாற்றியது: 2008-இல் பாதைகளை முதலில் முடிவுசெய்து, சுமார் 5,800 கிலோமீட்டர் இழுத்தது. காற்றாலைகள் அதைத் தேடி வந்தன. வியட்நாமில் தவறியதும் விதிதானே, வெயில் இல்லையே!

எதிரணிக்கு ஒரே கேள்வி. இங்கிலாந்து 2015-இல் திட்ட அனுமதி விதியை இறுக்கியதும் நிலத்தில் புதுக் காற்றாலைகள் எழுவது ஏறக்குறைய நின்றது. 2024-இல்தான் அந்த விதி நீங்கியது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டும் காற்று எங்கே போயிருந்தது?