வாளித் தண்ணீரும் ஒரு வயதுக் குழந்தையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். நீரில் மூழ்கும் விபத்து என்றதும் ஆறு, அணை, கடல், கல்குவாரிப் பள்ளம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. வளர்ந்த பிள்ளைகளைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஆபத்து பெரும்பாலும் கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறது: குளியலறை வாளி, திறந்து கிடக்கும் சம்ப், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி, கொல்லைப்புறக் குட்டை. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது; அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை.

வாளியில் ஒரு குழந்தை எப்படி மூழ்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நடை பழகும் பருவத்தில் உடலின் மற்றப் பகுதிகளை நோக்கத் தலையின் கனம் அதிகம். உள்ளே மிதக்கும் குவளையை எடுக்க எக்கிக் குனியும் குழந்தை தலைகுப்புறச் சரிந்தால், கையை ஊன்றி எழ அதற்கு வலு இருக்காது. தண்ணீர் நிறைந்த வாளியோ கனத்து நிற்பதால் கவிழவும் கவிழாது. முகம் நீருக்குள் இருப்பதால் அழுகுரலும் எழாது. சத்தம் கேட்டால் ஓடிவிடலாம் என்று அடுப்படியில் நிற்கும் தாய்க்கு எந்தச் சத்தமும் கேட்பதில்லை.

நம் ஊர்களில் பலவற்றில் குழாய்த் தண்ணீர் நாள்தோறும் வருவதில்லை. வந்த அன்று அண்டா, குடம், டிரம் என்று அத்தனையையும் நிரப்பிவைக்கிறோம். தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்க்கச் சம்ப் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மோட்டார் போடப் போகிறோம். தண்ணீரைச் சேமிக்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் நடக்காது. நிரப்பியவற்றுக்குக் கனமான மூடி போடுங்கள், பயன்படுத்திய வாளியைக் கவிழ்த்துவையுங்கள், சம்ப் மூடிக்குப் பூட்டுப் போடுங்கள், கிணற்றின் சுற்றுச்சுவரை ஒட்டிக் குழந்தை ஏறி நிற்கத் தோதாகக் கல்லையோ துவைக்கும் மேடையையோ விட்டுவைக்காதீர்கள். ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்றால் குளத்துப் பக்கமே விடாமல் காக்கும் நாம், குளியலறைக் கதவுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட மறந்துவிடுகிறோம்.

விபத்து நடந்த வீட்டில் முதலில் எழும் பேச்சு, தாய் கவனிக்கவில்லை என்பது. அதை நான் ஏற்பதில்லை. சமைத்து, துவைத்து, தண்ணீர் பிடித்து, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஒருத்தியால் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குளங்களும் குட்டைகளும் நிறைந்த வங்கதேசத்துக் கிராமங்கள் இதை உணர்ந்து செயல்பட்டன. பெரியவர்கள் வேலையில் மூழ்கியிருக்கும் காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை, ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளை அதே ஊரில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் விடும் ‘ஆஞ்சல்’ என்ற காப்பகங்கள் அங்கே ஏற்பட்டன. அவற்றுக்குச் சென்ற குழந்தைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக ஆய்வுகள் காட்டின. நம்மிடம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஆனால் நடக்கத் தொடங்கிய ஒரு வயதுக் குழந்தை காலை முழுவதும் வீட்டில்தான் இருக்கிறது.

கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் நிலைமை வேறு. அங்கே பத்துப் பேர் இருப்பார்கள், இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று பத்துப் பேரும் நினைத்திருப்பார்கள். “அத்தை, இவன் உங்கள் பொறுப்பு” என்று ஒருவரிடம் சொல்லி, அவர் சரியென்ற பிறகே நகருங்கள்.

எல்லாவற்றையும் மீறி விபத்து நேர்ந்தால், குழந்தையைக் காலைப் பிடித்துச் சுற்றுவதிலும் வயிற்றை அமுக்குவதிலும் நொடிகளை இழக்காதீர்கள். நின்றுபோன மூச்சைத் திரும்பக் கொடுப்பதே முதல் வேலை. ஒருவர் 108ஐ அழைக்கட்டும்; மற்றவர் குழந்தையைச் சமதரையில் கிடத்தி, தலையைச் சற்றே பின்சாய்த்து, மோவாயைத் தூக்கி, வாயோடு வாய் வைத்து மார்பு எழும்படி மூச்சை ஊதட்டும். அதன்பின் நெஞ்சின் நடுவே 30 முறை அழுத்தி 2 முறை ஊதுவதை, மூச்சு திரும்பும் வரை அல்லது உதவி வரும் வரை நிறுத்தாமல் செய்ய வேண்டும். குழந்தை கண் விழித்து அழுதாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். நுரையீரலுக்குள் நீர் போயிருந்தால் மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம்.