சின்னக் குளத்துத் தண்ணி கடைசி வயலுக்கும் போகணும்: அதுக்கு என்ன செய்யலாம்?

வணக்கம் எல்லாருக்கும். இண்டைக்கு உன்னிச்சை, நவகிரி மாதிரி பெரிய குளங்களப் பத்திப் பேசல்ல. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால கிடக்கிற படுவான்கரையில வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி எண்டு போனா ரோட்டுக்கு உள்ளுக்க சின்னச் சின்னக் குளங்கள் கிடக்குதானே, கொஞ்சக் குடும்பங்கள் அத மட்டும் நம்பி வேளாண்மை செய்யிற குளங்கள், அதுகளப் பத்தித்தான் இந்த வீடியோ.

[திரையில்: குளம், கட்டு, துருசு, வாய்க்கால், வயல் காட்டுற படம்]

80 ஹெக்டேயர், அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர், அதுக்குள்ள பாயிற குளத்த சிறு நீர்ப்பாசனம் எண்டுதான் கணக்கெடுக்கிற. இது கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குக் கீழ வருது. ஆனா துருசு, அதாவது குளத்துத் தண்ணிய வாய்க்காலுக்கு விடுற மதகு, அதத் திறக்கிறது, வாய்க்கால் வெட்டுறது, கட்டுல பத்தை வளராமப் பாக்கிறது எல்லாம் ஊராக்கள்ட கையிலதான். அவங்க செஞ்சா நடக்கும், செய்யாட்டி கிடக்கும்.

நம்மட பக்கத்து மழை பெரும்பாலும் ஐப்பசியில இருந்து தை வரைக்கும் ஒரே கொட்டாக் கொட்டி முடிஞ்சிரும், அதால மாரி வேளாண்மைக்குத் தண்ணி இல்லங்கிற பிரச்சினைய விட வெள்ளத்துல கட்டு உடையிற பிரச்சினைதான் கூட. சிறுபோகத்துல, அதாவது மழை இல்லாத காலத்துல செய்யிற ரெண்டாவது வேளாண்மையிலதான் சனத்துக்கு நெஞ்சு பதறும். மாரியில நிரம்பின குளம் சித்திரைக்குப் பிறகு எவ்வளவு தாங்கும், அத ஆரு எப்படிப் பங்கு போடுற? சின்ன விவசாயி ஒராள் வருசத்துல ஒரு போகம் எடுக்கிறதா ரெண்டு போகம் எடுக்கிறதா எங்கிறது இதுலதான் கிடக்கு. ஒரு போகம் மட்டும் எண்டா விளைஞ்ச நெல்லுல கடனக் கட்டி, வீட்டுக்கு அரிசி வச்சதோட சரி, பிறகு கூலி வேலைக்கு வெளியூர் போகணும்.

[திரையில்: வாய்க்கால், மேல இருந்து கீழ வரைக்கும் வயல்கள்]

இந்தப் படத்தப் பாருங்க. துருசுக்குக் கிட்ட இருக்கிற வயல்காரர் வக்கடைய, அதாவது வயலுக்குத் தண்ணி வாற வரம்பு வாயத் திறந்து போட்டுட்டுப் போயிட்டா அவர்ட வயல் ரொம்பி வழியும், கடைசி வயல்ல நிலம் வெடிக்கும். அந்தக் கடைசி வயல் கூடுதலா ஆர்ட? காணி குறைஞ்ச ஆக்கள்ட, புருசன் இல்லாமத் தனியா வேளாண்மை செய்யிற அக்காமார்ட. வாய்க்காலுக்குக் கொங்கிரீட் போட்டா தண்ணி ஊறிப் போறது குறையும், அது நல்லதுதான், ஆனா மேல உள்ளவர் வக்கடைய மூடாட்டி எந்தக் கொங்கிரீட்டும் கடைசி வயலுக்குத் தண்ணி கொண்டு போகாது. முதல்ல ஆக்கள் ஒண்டாகணும், பிறகுதான் சீமெந்து.

இத நான் சும்மா சொல்லல்ல. அம்பாறையில கல்லோயா இடதுகரையில 1980களின்ட தொடக்கத்துல கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின்ட கோர்னெல் பல்கலைக்கழகமும் சேந்து ஒரு வேலை செஞ்சாங்க. அது பெரிய குளத்துத் திட்டம்தான், ஆனா அவங்க தொடங்கின இடம் ஒரு சின்ன வயல் வாய்க்கால். அதுல பாயிற பத்து இருவது பேரச் சேத்து, அவங்களுக்குள்ளயே எல்லாரும் சம்மதிச்ச ஒராளப் பிரதிநிதியாப் போட்டு, வாய்க்கால அவங்களே துப்புரவாக்கி, முறை வச்சு தண்ணி விடத் தொடங்கினாங்க. குளத்துல தண்ணி குறைஞ்ச காலம் அது, அப்படியிருந்தும் மேல உள்ள சிங்கள விவசாயிகள் மிச்சம் பிடிச்சு விட்ட தண்ணி கீழ இருந்த தமிழ் விவசாயிகளுக்கும் போய்ச் சேந்திருக்கு. அந்தக் காலத்துல அது எவ்வளவு பெரிய விசயம்!

சரி, நம்மட சின்னக் குளத்துல இது எங்க முடிவாகுது? கன்னக் கூட்டத்துல, அதாவது போகம் தொடங்க முந்தி விவசாயிகளும் அதிகாரிகளும் கூடி முடிவெடுக்கிற கூட்டத்துல. குளத்துல எத்தின அடி தண்ணி கிடக்கு, அதுக்கு எத்தின ஏக்கர் விதைக்கலாம், என்ன நெல்லு, எப்ப விதைப்பு, எப்ப கடைசித் தண்ணி, எல்லாம் அங்கதான். தண்ணி குறைவு எண்டா மூண்டரை மாச நெல்லுக்குப் போகாம பிஜி 250 மாதிரி ரெண்டரை மாச இனத்துக்குப் போகலாம். இன்னும் குறைவு எண்டா துருசுக்குக் கிட்ட உள்ள வயல மட்டும் எல்லாருக்குமாப் பங்கு போட்டுச் செய்யலாம், சிங்கள ஊர்கள்ல பெத்ம எண்டு காலங்காலமாச் செய்யிற முறை இது. மிச்சக் காணியில பயறு போடலாம், ரெண்டு மாசம், ரெண்டரை மாசத்துல எடுக்கலாம், நெல்லு குடிக்கிற தண்ணியில கொஞ்சம் போதும். என்னக் கேட்டா சிறுபோகத்துல முழுக்க நெல்லுதான் எண்டு அடம்பிடிக்கிறத விடணும்.

இன்னொண்டு, இதக் கட்டாயம் சொல்லணும். முறைத் தண்ணி ராவையில வந்தா, படுவான்கரையில யானை வாற இடத்துல ஒரு பொம்புள தனிய டோர்ச் லைட்டோட வயலுக்குப் போறது எப்படி? அப்படியான குடும்பங்களுக்குப் பகல் முறைய ஒதுக்குங்க, இல்லாட்டி அவங்கட முறைக்கு வட்டவிதானை, அதாவது வயல் தண்ணியப் பாக்கிற பொறுப்பாளர், தண்ணியத் திருப்பி விடணும் எண்டு கூட்டத்துலயே எழுதி வைங்க.

குளத்துல தண்ணி நிண்டா சுத்தி உள்ள கிணறும் ஊறும், அதுல கத்தரி, மிளகாய், கச்சான் எண்டு செஞ்சு கைச்செலவுக்குக் காசு பாக்கிற ஆக்கள் நிறைய. இப்ப சோலார் பம்ப் வருது, டீசல் செலவு இல்ல, சந்தோசம், ஆனா செலவு இல்ல எண்டு நாள் முழுக்க இறைச்சா பக்கத்துக் கிணறு வத்தும், ஆத்தோரக் காணி, அதாவது வாவிக்கரைக் காணி எண்டா உப்பும் ஏறும். அதால பம்புக்கும் நேரக் கணக்கு உங்கட விவசாயிகள் அமைப்புலயே போடுங்க.

[திரையில்: கமநல சேவை நிலையம்]

இந்த வீடியோவப் பாத்துட்டு ஒரு வேலை செய்ங்க. அடுத்த கன்னக் கூட்டத்துக்கு முந்தி உங்கட கமநல சேவை நிலையத்துக்குப் போய் காணி இடாப்புல, அதாவது ஆர்ட காணி எண்டு பதியிற புத்தகத்துல, உங்கட பேர் சரியாக் கிடக்கா எண்டு பாருங்க, கடைசி வயல் அக்காவையும் கூட்டிட்டுப் போங்க, அவட பேரும் அதுல இருக்கணும்.