நல்ல நாளை நம்பி ஆர்டர் எடுக்காதீர்கள்

அனைவருக்கும் வணக்கம். ஆரி என்கிற கொக்கி ஊசிப் பூவேலை, தையல், குரோஷா, டெரகோட்டா நகை என்று கைவேலையை நம்பிப் பிழைக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அதில் சிலருக்குக் காலையில் தலை பின்னக்கூட விரல் மடங்கியிருக்காது. அவர்களோடு பேசத்தான் வந்தேன்.

எனக்கு முடக்குவாதம். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குகிற நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் கைவிரல், மணிக்கட்டு மாதிரியான சின்ன மூட்டுகளில்தான் தொடங்கும். ஆரியில் ஒரு கை ஃப்ரேமுக்கு மேலே ஊசியைத் திருப்பிக்கொண்டே இருக்கும், இன்னொரு கை அடியிலிருந்து நூலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சோறு போடுகிற அதே மூட்டுகளைத்தான் நோயும் பிடிக்கிறது.

இந்த நிலைமையில் தொழில் நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: முடியும், ஆனால் மோசமான நாளை அளவாக வைத்துக் கணக்குப் போட வேண்டும். நமக்கு ஆபத்து நல்ல நாளில்தான் இருக்கிறது. வலி குறைந்த அன்று, விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம் என்று ராத்திரி வரை உட்காருவோம். ஒரு பிளவுஸின் கழுத்து டிசைன் முடியும். அடுத்த சில நாள் டம்ளரைக்கூடத் தூக்க முடியாது. அதனால் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், கடிகாரம் பார்த்து எழுந்திருங்கள். போனில் 20 நிமிஷம் வையுங்கள். அடித்ததும், பூவில் பாதி இதழ் பாக்கி இருந்தாலும் ஊசியை வைத்துவிடுங்கள். பாதிப் பூவை விட்டு எழுவது எவ்வளவு கஷ்டம் என்று ஆரி போடுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் தேதி. ஒரு பிளவுஸுக்குப் பத்து நாள் ஆகும் என்றால் பதினைந்து நாள் சொல்லுங்கள். "நாளைக்கு வளைகாப்பு, கொஞ்சம் பார்த்துப் பண்ணிக் கொடுக்கா" என்று வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்லத் தெரிய வேண்டும். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் குவியும், ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் கல்யாணம் இருக்காது. அந்த மாதங்களில் பூ, மயில், மாங்காய் என்று தனித்தனி பேட்ச்களாகப் போட்டு வைத்துக்கொள்ளலாம். சீசனில் அவற்றை வைத்துத் தைத்தால் போதும்.

ஓவியர் ரெனுவார் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரான்சுக்காரர், இதே முடக்குவாதம். ஐம்பது வயதையொட்டி வந்தது. 1919-ல் இறக்கும்வரை வரைந்தார். விரல்கள் உள்ளே மடங்கிப்போய், தூரிகையை இன்னொருவர் கையில் வைத்துவிட வேண்டியிருந்தது. பெரிய படங்களுக்குக் கான்வாஸையே உருளையில் நகர்த்திக்கொண்டார். அவர் மன உறுதியைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. 1913-லிருந்து ரிஷார் கினோ என்ற இளம் சிற்பியை வைத்துச் சிலைகள் செய்தார். யோசனை இவருடையது, கை அவருடையது. நம்மில் பலர் "என் கையால் போட்டால்தான் என் வேலை" என்று பிடிவாதமாக இருக்கிறோம். டிசைன், கலர், மணித் தேர்வு உங்களுடையது என்றால் அது உங்கள் வேலைதான். டிசைனின் உள்ளே நிரப்புகிற அடைப்புத் தையலைச் சம்பளம் கொடுத்து ஒரு பெண்ணிடம் விடுங்கள். அவளும் தொழில் கற்றுக்கொள்வாள்.

மருந்தைப் பற்றி ஒன்று. மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்திருந்தால் அது வாரம் ஒருமுறை மட்டும். தெரியாமல் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. சீசன் நேரத்தில் டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையை விழுங்கி விழுங்கி வேலை பார்ப்பது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எந்த ஆர்டரும் அதற்கு ஈடாகாது.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 குறைபாடுகள் இருக்கின்றன. நாள்பட்ட வலி அதில் தனியாக இல்லை. மூட்டு கோணி அசைவு குறைந்தால் சதவீதம் போட்டுச் சான்றிதழ் தருவார்கள், வெறும் வலிக்குக் கிடையாது. வெளியே தெரியாததால் வீட்டிலும் நம்பமாட்டார்கள். "உட்கார்ந்து செய்கிற வேலைதானே?" இந்தக் கேள்வியைக் கேட்காத பெண் இங்கே இருக்கிறாளா? எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. நமக்கு லீவு எழுதித் தர யாரும் இல்லை. அதனால் அட்வான்ஸ் ரசீதில் நானே எழுதிவிட்டேன்: "உடல்நலம் காரணமாகத் தேதி ஐந்து நாள் வரை தள்ளலாம்." படித்துவிட்டு ஒரு சிலர் வேறு கடைக்குப் போனார்கள். மற்றவர்கள் சரி என்று கையெழுத்துப் போட்டார்கள். ஜர்தோசி என்கிற ஜரிகைப் பூவேலைக்கு அவர்கள்தான் இன்றும் என்னிடம் வருகிறார்கள்.

ஊசிப் பிடியில் பஞ்சும் துணியும் சுற்றித் தடிமனாக்கி வைத்திருக்கிறேன். பிடி தடித்தால் விரலை இறுக்க வேண்டியதில்லை. சிலதைக் கொண்டுவந்திருக்கிறேன், அந்த மேஜையில் இருக்கிறது. பிடித்துப் பாருங்கள், உங்கள் கைக்கு எந்தத் தடிமன் சரிப்படுகிறது என்று அளவு எடுத்துக்கொண்டு போங்கள்.