அஞ்சரை மணிக்கு எங்கள் தெருவில்

வணக்கம் மக்களே! மணி இப்போது அஞ்சே கால். பின்னால் தெரிகிறதே, அதுதான் எங்கள் தெருமுனை பால் பூத். இன்னும் கால் மணி நேரத்தில் இங்கே பன்னிரண்டு, பதிமூன்று பேர் நடைப்பயிற்சிக்குச் சேர்ந்துவிடுவார்கள். பெண்கள்தான் அதிகம்.

எப்படி ஆரம்பித்தது தெரியுமா? எதிர்வீட்டு அக்காவுக்குச் சர்க்கரை. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ஆறரைக்கு அடுப்படி வேலை தொடங்கிவிடும், அதனால் விடிகாலையை விட்டால் அவருக்கு வேறு நேரம் கிடையாது. ஆனால் தெரு நடுவில் வரிசையாக மூன்று கம்பத்தில் விளக்கு எரியாது. அந்த இருட்டில் நாய் வேறு. "நீ கூட வந்தா நான் வரேன்மா" என்றார். இரண்டு பேராகக் கிளம்பினோம்.

நடந்தால்தான் தெரு தெரிகிறது, மக்களே. பத்து வருடமாக இதே தெருவில் ஸ்கூட்டி ஓட்டுகிறேன். அந்த மூன்று விளக்கும் எரியவில்லை என்று எனக்குத் தெரியவே தெரியாது. வண்டிக்குத்தான் ஹெட்லைட் இருக்கிறதே!

இதோ, இந்தக் கம்பத்தைக் கிட்டே காட்டுகிறேன். பெயின்டில் ஒரு நம்பர் இருக்கிறது, பார்த்தீர்களா? சென்னை மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் செய்யும்போது தெருப் பெயரோடு இந்த நம்பரையும் சேர்த்துச் சொல்லுங்கள். வருகிறவர்கள் நேரே இங்கே வந்து நிற்பார்கள். நாங்கள் நாலு வீட்டிலிருந்து தனித்தனியாகச் சொன்னோம். மூன்றாம் நாள் மூன்று விளக்கும் எரிந்தது. அடுத்த வாரமே புதிதாக ஐந்து பெண்கள் நடக்க வந்துவிட்டார்கள். நடக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு முன்பே இருந்திருக்கிறது. தெரு இருட்டாக இருந்ததால் வாசலோடு நின்றிருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கனக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. அரை மணி வீதம் ஐந்து நாள், அவ்வளவுதான். வேகம் எப்படித் தெரியும் என்றால், பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதக்கூடாது. எங்கள் குழுவில் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை!

2023 நவம்பர் 4-ஆம் தேதி பெசன்ட் நகரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கினார்கள், ஞாபகம் இருக்கும். மாவட்டத்துக்கு மாவட்டம் 8 கிலோமீட்டர் நடைபாதை, மாதத்தின் முதல் ஞாயிறு வழியிலேயே பிபி, சுகர் பரிசோதனை. நல்ல திட்டம், நானும் போய் நடந்திருக்கிறேன். ஆனால் மூட்டுவலிக்காரர்கள் தினமும் பஸ் ஏறி அங்கே போக முடியுமா? அவர்களுக்கு வீட்டு வாசலிலிருந்து நடக்க வழி வேண்டும்.

நடைபாதை இல்லாத இடத்தில் வலது ஓரமாக நடங்கள். எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும். வெளிர் நிறத்தில் துணி போடுங்கள். நாங்கள் இருவர் இருவராகத்தான் போவோம். ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால், மூன்றாம் நாள் அவர் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவோம்.

அப்புறம், இந்தத் திருப்பத்துக்கு வாருங்கள். நடைபாதை இருக்கிறது, ஆனால் ஏறவே முடியாது. எங்கள் குழுவில் எழுபது வயது அம்மா ஒருவர் இருக்கிறார். இங்கே வந்ததும் ரோட்டில் இறங்கிவிடுவார். பஸ் திரும்புகிற இடம் இது! சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலை காங்கிரஸின் வழிகாட்டியில் நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. ஒரு சாண் அளவுகூட வராது. நடப்பதற்கு மட்டும் 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எவ்வளவு என்று இன்று அளந்து, போட்டோ எடுத்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கப் போகிறோம்.

அதோ, அக்கா இன்ச் டேப்போடு வந்துவிட்டார். இன்னொரு முனையை நான்தான் பிடிக்க வேண்டும். கேமராவை இந்தத் திண்ணையில் வைத்துவிடுகிறேன், இருங்கள்.