பாயசத்தின் மேல் பழி போடாதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"சின்ன வயதில் நம் உடலைப் பற்றித் தப்புத் தப்பாக நினைத்துக்கொண்டதற்குக் காரணம் சமயக் கதைகளா, அவற்றைச் சொன்ன பெரியவர்களா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் கதைகளைக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். கதைக்கு வாதாட ஆள் இல்லை என்று நினைத்துவிட்டார் போல. நான் இருக்கிறேன் ஐயா. குற்றவாளி பெரியவர்கள்தான் என்பது எங்கள் கட்சி.

1988. சிங்கப்பூரில், அங் மோ கியோவில் மூவறை வீடு. எனக்கு எட்டு வயது. ராமநவமி அன்று பாட்டி கதை சொல்கிறார். தசரதன் வேள்வி செய்தான், நெருப்புக்குள்ளிருந்து ஒருவர் தங்கப் பாத்திரத்தில் பாயசம் கொண்டுவந்தார், அரசிகள் மூவரும் குடித்தார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள். சுமித்திரைக்கு மட்டும் இரண்டு தடவை கிடைத்ததாம். அவளுக்குத்தான் லட்சுமணன், சத்ருக்னன் என்று இரட்டைப் பிள்ளைகள். கணக்கு எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

கதை முடிந்ததும் அத்தை சேமியா பாயசத்தை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி நீட்டினார். குடித்தேன். முந்திரி நிறையக் கிடந்தது, அதற்காகவே இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினேன். அதில் பாதி உள்ளே போன பிறகுதான் பொறி தட்டியது. ஐயையோ, இரண்டாவது டம்ளர்!

ராத்திரி முழுக்கப் பாயில் மல்லாந்து படுத்து வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே ஏதோ கடமுடா என்றது. விடிந்ததும் பாட்டியிடம் போய், "பாப்பா எப்படிப் பாட்டி வயிற்றுக்குள்ள வரும்?" என்று கேட்டேன். பாட்டி அம்மாவைப் பார்த்தார். அம்மா ஓடாத தொலைக்காட்சியைப் பார்த்தார். அப்புறம் பாட்டி சொன்னார், "பொம்பளப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? போ, போய் ஏழாம் வாய்ப்பாடு எழுது." எழுதினேன். இரண்டு பிள்ளைக்கும் என்ன பெயர் வைப்பது என்று யோசித்துக்கொண்டே எழுதினேன்.

இப்போது சொல்லுங்கள் நடுவர் அவர்களே, இதில் கதை செய்த தப்பு என்ன? அது வேள்வியில் வந்த பாயசத்தைப் பற்றிச் சொன்னது. அத்தை காய்ச்சிய சேமியாவுக்கு அது பொறுப்பாகுமா? தப்பு எங்கே என்றால், சோறு போவதும் வயிறு, பிள்ளை வளர்வதும் வயிறு என்று நம் வீடுகளில் பேசுகிறோமே, அங்கே. இரைப்பை வேறு, கருப்பை வேறு. இந்த இரண்டு சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய்ப்பாடு எழுதச் சொல்வதைவிடக் குறைவுதான்.

எதிரணியின் பெரிய சாட்சிக்கு வருகிறேன். ஆதாமின் விலா எலும்பு. ஆண்களுக்கு ஓர் எலும்பு குறைவு என்று உயர்நிலைப் பள்ளி வரை நம்பியதாக நண்பர் சொன்னார். ஐயா, பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தைத் திறந்து பாருங்கள். ஏவாளைப் படைக்கக் கடவுள் ஆதாமிடமிருந்து ஒரு விலா எலும்பை எடுத்து, அந்த இடத்தைச் சதையால் அடைத்தார் என்று இருக்கிறது. ஆதாமின் மகனுக்கும் பேரனுக்கும் உங்களுக்கும் ஓர் எலும்பு குறையும் என்று எங்கே இருக்கிறது? விபத்தில் விரல் போனவருக்குப் பிறக்கும் பிள்ளை ஒன்பது விரலோடா பிறக்கிறது?

நானும் எண்ணிப் பார்த்தவள்தான். பக்கத்து புளோக்கில் ஒரு கிறிஸ்துவத் தோழன். கீழ்த்தளத்துக் கல்மேசையில் அவனை உட்கார வைத்துச் சட்டையைத் தூக்கச் சொல்லி எண்ணினேன். அவனுக்குக் கூச்சம், நெளிகிறான். வலப்பக்கம் ஒன்பது, இடப்பக்கம் எட்டு! உண்மை நிரூபணமாகிவிட்டது என்று ஒரு பெரியவரிடம் ஓடினோம். "ஆமாம், அப்படித்தான்" என்று தலையாட்டிவிட்டு அவர் செய்தித்தாளைப் புரட்டினார். ஆணோ பெண்ணோ, பொதுவாகப் பக்கத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் 24. முதல் எலும்பு காறை எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கடைசி இரண்டும் முன்பக்கம் வந்து சேராமல் பாதியிலேயே நின்றுவிடும். தடவி எண்ணினால் கணக்கு உதைக்காமல் என்ன செய்யும்? வெசாலியஸ் என்ற உடற்கூறு வல்லுநர் ஆண் பெண் இருவருக்கும் எண்ணிக்கை ஒன்றுதான் என்று 1543இலேயே புத்தகம் போட்டுவிட்டார். 445 ஆண்டுகள் கழித்தும் அது எங்கள் கீழ்த்தளத்துக்கு வந்து சேரவில்லை. கதையா தடுத்தது?

ஆண்களின் தொண்டையில் துருத்தி நிற்கும் மேடு இருக்கிறதே, அது சிவன் விழுங்கிய விஷத்தின் அடையாளம் என்று என் மாமா சொன்னார். ஆதாமுக்குச் சிக்கிய ஆப்பிள் என்று தோழன் வீட்டில் சொன்னார்கள். எங்கள் இருவருக்கும் இதில் ஒரு வாரம் சண்டை. புராணத்தில் கண்டம் நீலமானது, அவ்வளவுதான். மேடு எதுவும் இல்லை. ஆதியாகமத்திலும் 'கனி'தான், ஆப்பிள் இல்லை, தொண்டையில் சிக்கவும் இல்லை. அது குரல்வளைக் குருத்தெலும்பு. பெண்களுக்கும் உண்டு. பருவ வயதில் ஆண்களுக்குப் பெரிதாகிறது, அதனால் வெளியே தெரிகிறது. ஆக, விஷத்தையும் ஆப்பிளையும் அங்கே கொண்டுபோய் வைத்தது யார்? மாமாவும் மாமா மாதிரியானவர்களும்தான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒரு நிமிடம். என் மகள் இப்போது தொடக்கநிலை ஐந்து. போன வாரம் அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, தசரதன் கொடுத்த பாயசம் இரைப்பைக்குப் போச்சா, கருப்பைக்குப் போச்சா? எந்த வழியா?" கரண்டியும் கையுமாக அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். எதிரணியினரே, சிரிக்காமல் கேளுங்கள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "போ, போய் கணக்குப் பாடத்தை முடி."

நன்றி, வணக்கம்.