பக்கவாத்தியம் என்னும் படிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி மாதம் சபா சபாவாகப் போகிறவர்கள் யார் பாடினார், என்ன ராகம், கேன்டீனில் என்ன டிபன் என்பதெல்லாம் சொல்வார்கள். வயலின் யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பாடகருக்குத் துணையாகப் பக்கவாத்தியம் வாசிக்கும் அந்த வயலின்காரர் எப்படி உருவாகிறார் என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் பாலுசாமி தீட்சிதர். முத்துசாமி தீட்சிதரின் தம்பி. சென்னையை ஒட்டிய மணலியில் குடும்பம் இருந்தபோது ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டார். நம்மவர்கள் வாத்தியத்தை மாற்றவில்லை, பிடிக்கும் விதத்தை மாற்றினார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலின் தலையை வலது பாதத்தில் ஊன்றிக்கொண்டால், இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லை. விரல் தந்தியில் தாராளமாக வழுக்கும். ஸ்வரத்தை அசைத்தும் இழைத்தும் வாசிக்கும் கமகம் வருவது அதனால்தான். நான்கு தந்திகளுக்கும் ச-ப-ச-ப என்று சுருதி சேர்ப்பதும் நம் வழக்கம்.

மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி, ஜண்டை, அப்புறம் அலங்காரம் என்ற ஸ்வரப் பயிற்சிகள், பிறகு கீதம், வர்ணம் என்ற உருப்படிகள் என்று பாடம் போகும். வர்ணத்தை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வில் பிசகாமல் வாசிப்பதற்குள் சில வருஷங்கள் ஓடிவிடும். அதற்குள் பெற்றோர், "மேடை எப்போ சார்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை பாடுகிறதா? சாகித்யம், அதாவது பாட்டின் வரிகள், தெரியாமல் வில் போட்டால் சொல் நடுவில் உடையும். வயலின் மேதை லால்குடி ஜெயராமனின் வாசிப்பைப் பாட்டுப் பாணி என்று கொண்டாடுகிறோமே, அதைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும்.

கஷ்டம் மேடையில்தான் ஆரம்பிக்கிறது. பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. ஆண் பாடகர் ஒரு கட்டை சுருதியில் தாழ்வாகப் பாடுவார், அடுத்த நாள் பெண் பாடகர் ஐந்து கட்டையில், உயர்வாக. சிலர் இதற்காகவே இரண்டு வயலின் வைத்திருக்கிறார்கள். தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையில் பாடகர் போகும் வழியிலேயே பின்னால் போக வேண்டும்; முந்தக் கூடாது, தொலைந்தும் போகக் கூடாது. நமக்கென்று முறை வரும்போது, அவர் பாடியதைவிடச் சுருக்கமாக, ஆனால் ராகம் முழுசாகத் தெரியும்படி வாசிக்க வேண்டும். ஸ்வரங்களைக் கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரத்தில், அவர் அப்போதுதான் கட்டிய கோர்வையை, அதாவது கணக்காக முடியும் ஸ்வரக் கோப்பை, அந்தக் கணமே திருப்பிக் கொடுக்க வேண்டும். தெரிந்ததையெல்லாம் காட்டிவிடுவது சுலபம்; காட்டாமல் இருப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். லால்குடி, டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் மூவரும் பெரிய தனி வாசிப்பாளர்கள். மூவருமே பெரிய பாடகர்களுக்குப் பக்கத்தில் வாசித்து வளர்ந்தவர்கள்.

பெண்களுக்கு இன்னொரு தடை. பெண் பக்கவாத்தியம் வேண்டாம் என்ற ஆண் வித்வான்கள் இருந்தார்கள்; இன்று அதை வெளிப்படையாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஏ. கன்யாகுமரிக்கு 2016-இல் சென்னை மியூசிக் அகாடமியின் உயரிய விருதான சங்கீத கலாநிதி கிடைத்தது. வயலினுக்காக அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

பிழைப்பு? வானொலி ஆடிஷனில் பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று படி ஏறலாம். சபாக்களில் மத்தியானக் கச்சேரியிலிருந்து சாயங்காலக் கச்சேரிக்கு நகர வருஷங்கள் ஆகும். சம்பாவனையில், அதாவது கச்சேரிக்குத் தரும் பணத்தில், பாடகருக்கும் பக்கவாத்தியத்துக்கும் உள்ள இடைவெளி பெரிது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. சினிமா ரெக்கார்டிங் போக மேற்கத்திய நொட்டேஷன் பார்த்து வாசிக்கத் தெரிய வேண்டும், அது தனிப் படிப்பு. பலருக்கும் வீட்டு வாடகை கட்டுவது வகுப்புதான். மயிலாப்பூரில் விடியற்காலையில் யாராவது கம்ப்யூட்டர் முன்னால் சரளிவரிசை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தால், எதிர்ப்பக்கம் அமெரிக்காவில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது.

வணக்கம்.