படகுக்காரர் கட்டிய கார்

(கடற்கரை ஊர் ஒன்றின் பாலிடெக்னிக் ஆண்டு விழாவில் பேசியது)

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களே, முதல்வர் அவர்களே, பொன்னாடை போர்த்திய கையோடு "பத்தே நிமிஷம்" என்று காதில் சொல்லிப்போன துறைத்தலைவர் அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் மீனவர் சங்கப் பெரியவர்களே, உட்கார இடமில்லாமல் நிற்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். வரவேற்புரையில் என்னை அறிஞர் என்றார்கள். நான் ஓய்வுபெற்ற பட்டறை வாத்தியார், அவ்வளவுதான்.

சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். அதற்குச் சாட்சி, அமெரிக்காவின் புரூஸ் மேயர்ஸ். மணலில் ஓட அவர் செய்த 'மேயர்ஸ் மேங்க்ஸ்' கார் பிறந்த கதை, ஓடிய கதை, நகலான கதை, மூன்றையும் சொல்கிறேன்.

கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் ஃபைபர் படகு கட்டியவர் மேயர்ஸ். பிஸ்மோ கடற்கரை மணல்மேடுகளில் பழைய கார்களைக் கழற்றி, எலும்புக்கூடாக ஓட்டித் திரிந்தவர்களைப் பார்த்தார். 1964இல் தன் கராஜிலேயே ஒன்று செய்தார். வார்ப்பு அச்சில் மெழுகு பூசி, ஜெல்கோட் என்ற மேல்பூச்சு அடித்து, கண்ணாடி இழைப் பாயான மேட் விரித்து, இறுகிப் பிடிக்கும் பசையான ரெசின் தடவி, உருளையால் காற்றை வெளியேற்றுவது எல்லாம் படகு வேலைதான். ஃபைபரைத் தட்டையாக விட்டால் நெளியும், வளைவு கொடுத்தால் விறைத்து நிற்கும் என்பது அவர் கைக்குத் தெரியும். மட்கார்டின் மேல்பக்கத்தை மட்டும் தட்டையாக விட்டார், பீர் வைக்க! முதல்வர் மேடையில் இருப்பதால் மோர் டம்ளர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பன்னிரண்டு கார்களில் ஃபைபர் உடலே பாரம் தாங்கியது. செலவு கட்டுப்படியாகவில்லை. அப்புறம் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடித்தளத்தைச் சுமார் 36 சென்டிமீட்டர் வெட்டிக் குறைத்து, வாங்குபவரே அதன்மேல் பூட்டிக்கொள்ளும் உதிரிபாகக் கிட்டாக விற்றார்.

ஆனாலும் வாங்க ஆளில்லை. என்ன செய்தார் தெரியுமா? 1967 ஏப்ரலில், முதலில் செய்த அந்தச் சிவப்பு வண்டியிலேயே நண்பர் டெட் மேங்கல்ஸுடன் மெக்சிகோவுக்குப் போனார். தெற்கே லா பாஸிலிருந்து வடக்கே அமெரிக்க எல்லையில் உள்ள டிஹுவானா வரை, பாஹா தீபகற்பம் முழுக்க! தார் ரோடு? தீபகற்பத்தை முழுசாக இணைக்கும் நெடுஞ்சாலை வந்ததே 1973இல்தான். பாறை, மணல், புழுதி, ராத்திரியில் கும்மிருட்டு. அதுவரை அந்த வழியில் வேகச் சாதனை மோட்டார் சைக்கிளின் கையில் இருந்தது. இவர்கள் 34 மணி 45 நிமிடத்தில் வந்து சேர்ந்தார்கள், அதைவிட ஐந்து மணி நேரத்துக்கு மேல் முந்தி! (கைதட்டல்) செய்தி பரவியதும் ஆர்டர்கள் வந்து குவிந்தன. அதே வருஷம் அங்கே பந்தயமே தொடங்கிவிட்டார்கள். அதிலும் மேங்க்ஸ்தான் ஜெயித்தது. சித்திரமும் கைப்பழக்கம்!

நகல் கதை? அந்தக் காரைப் பார்த்து ஆளுக்கு ஆள் நகல் அடித்துத் தள்ளினார்கள். காப்புரிமை வழக்கில் மேயர்ஸ் தோற்றார். 1971இல் கம்பெனி மூடியாயிற்று. அது கிடக்கட்டும்.

நான் கேட்க வந்தது வேறு. சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரம் இருந்த இடமெல்லாம் ஃபைபர் படகு. அதை ஒட்டிச் சரிசெய்கிற கைகள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. இந்தக் கல்லூரிப் பட்டறை மாலை ஐந்துக்குப் பூட்டிவிடுகிறது. மாலையில் திறந்துவிடுங்கள். படகு மேஸ்திரி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், அவருக்குச் சம்பளமும் கொடுங்கள். சித்திரமும் கைப்பழக்கம் என்று சுவரில் எழுதிவிட்டுக் கதவைப் பூட்டினால் எப்படி?

ரெசின் வாடை வகுப்பு வரைக்கும் வரும் என்பார் முதல்வர். எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு என் செலவு. சாவியை மட்டும் தாளாளர் ஐயா தர வேண்டும். நன்றி, வணக்கம்.